திருவிழா ஒலிபெருக்கி

துறைமுக வானொலிப் பட்டறை உத்தியோகத்தை விட்டுத் தனியே தொழில் தொடங்கிய எனக்கு, முதல் ஒப்பந்தமாகக் கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி வேலை கிடைத்தது. ஊரே கேட்கப்போகும் வேலை. சரியாக அமைந்தால் மற்றவையும் வரும். கருவிகளைக் கோயிலுக்குள் பொருத்தி முடித்த மாலையில் பெரியப்பா இறந்துவிட்டார்.

மறுநாள் தர்மகர்த்தா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"துடக்கோட உள்ளுக்கு வர ஏலாது, தம்பி."

"ஓம் ஐயா. ஆனா அந்த மெஷின் வேற ஒருத்தருக்கும் பழக்கமில்லை."

"திருகினாச் சத்தம் வரும். அதுக்கென்ன பெரிய படிப்பு?"

சாவுத் தீட்டோடு கோயிலுக்குள் போகக்கூடாது என்ற விதியை நானும் நம்பியவன், வீதியில் நின்றேன். ஓதுவார் பதிகத்தைத் தொடங்கியதும், உள்ளே யாரோ திருகிய ஒலிபெருக்கி ஊளையிட்டது. இறைவனின் திருநாமமே காதைக் கிழித்தது.

"ஆரின்ர செட் இது? நாசமாப் போவான்," என்றார் அருகில் நின்றவர்.

கைகூப்பியபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு வேறெவரும் என்னை அழைக்கவில்லை.