எப்போது என்று கேட்காதீர்கள்

அன்று மாலை நான்கு இருபதுக்கு என் மகள் ரேவதியின் மேசையில் ஒரு தாளைப் பார்த்தேன். அவள் இயற்பியல் முதுகலை மாணவி.

‘நான் எப்போது உடைவேன் என்று எனக்கே தெரியாது. இந்த நொடியாகவும் இருக்கலாம். எனக்குள் கடிகாரம் இல்லை. எப்போது என்று கேட்காதீர்கள்.’

அவள் கைபேசிக்கு அழைத்தேன்; அணைந்திருந்தது. ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் பாபுவிடம் தாளை நீட்டினேன். படித்ததும் அவர் முகம் மாறியது. “ஏறுக்கா. அழுதுகினு நிக்காத.”

திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் தேடினோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து, கடலோரக் கருங்கற்களில் தேடினோம். தனியாக நின்ற ஒவ்வொரு பெண்ணும் ரேவதியாகவே தெரிந்தாள்.

காவல் நிலையத்துக்குப் போக அவளுடைய புகைப்படம் வேண்டுமே என்று வீடு திரும்பினோம். ஆறு மணி ஆகியிருந்தது.

அவள் என்ன படிக்கிறாள் என்று ஒருநாளும் கேட்காதது என் தவறு.

சற்று நேரத்தில் ரேவதி படியேறி வந்தாள். பாபு தாளைக் காட்டினார். வாங்கிப் பார்த்தவள் சொன்னாள்:

“அய்ய, இன்னாம்மா நீ! போன்ல சார்ஜ் இல்ல. இதுல பேசுறது நான் இல்லம்மா, கதிரியக்க அணு. அது எப்ப உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது. நேரம் காட்டுற கடிகாரம் வெளிய, நம்ம கையிலதான் கீது. நாளைக்கு காலேஜ்ல இதத்தான் பேசப்போறேன், அந்த டென்ஷன்லதான் ஒரு வாரமா சோறு எறங்கல. குந்து, மொதல்லருந்து சொல்றேன்.”