தெருவுக்கு ஒரே பூட்டு

கைபேசி பழுது பார்க்கும் தொழிலில் போனைச் சரிசெய்வது சின்ன வேலை. போனைக் கொடுத்துவிட்டுப் போக மனசில்லாமல் வாசலில் நிற்பவரை வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் பெரிய வேலை.

நீங்களும் அப்படி நின்றிருப்பீர்கள். உள்ளே குழந்தையின் படம் இருக்கிறது, வங்கி இருக்கிறது, யாருக்கும் காட்டாத ஏதோ ஒன்று இருக்கிறது. அதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவன் கையில் கொடுத்து, பூட்டைத் திறக்கும் வழியையும் சொல்லிவிட்டு, "சாயங்காலம் வர்றேன்" என்று நடக்க வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அது சுகமாக இருந்ததில்லை. ஐம்பது வயது தாண்டிய பிறகு, இவர்கள் என்னை எதற்காக நம்புகிறார்கள் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஒரு சமயம் அவர்களும் அதையே கேட்டுவிட்டார்கள். அந்தக் கதைதான் இது.

கட்டைவிரலை நம்பாத கண்ணாடி

என் கடை பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெருக்களுக்குப் போகும் முனையில் இருக்கிறது. புதுப் போன் வாங்கியவர்கள் முதலில் இங்கே வந்து, "விரல் வெச்சா தொறக்கற மாதிரி பண்ணிக் குடுப்பா" என்பார்கள். அங்கேதான் சிக்கல். பட்டும் ஜரிகையும் வருஷக்கணக்கில் ஓடி ஓடி, தறியில் உட்காருபவர்களின் விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும். போன் அந்த விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி வை, மறுபடி வை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தக் கண்ணாடியை வடிவமைத்தவர் தன் விரலை வைத்துத்தான் சோதித்திருப்பார். அவர் விரல் ஒரு நாளும் தறியில் நாடா தள்ளியிருக்காது.

ஒரு தறிக்கார அம்மாவுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை எல்லாம் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஏறவில்லை. விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "ரேஷன் கடை மிஷினும் நான் இல்லேன்னுது, இதுவும் நான் இல்லேன்னுது. அப்போ நான் யாருப்பா?"

நாலு புள்ளிக் கோபுரம்

விரல் ஏறாது, எண் மறந்துபோகும். மிச்சம் இருப்பது கோடு இழுத்துத் திறக்கும் பூட்டு. ஒன்பது புள்ளிகள், அதில் நமக்குப் பிடித்த கோலம். "எப்படி வேணுமோ போடுங்க" என்று போனை நீட்டினால், எங்கள் தெருக்களில் எல்லார் கையும் ஒரே திசையில் போகிறது. கீழே இடது மூலையில் ஆரம்பித்து, உச்சியின் நடுவுக்கு ஏறி, வலது மூலைக்கு இறங்கும். புடவைக் கரையில் கோபுரம் மாதிரி கூராக ஏறி இறங்கும் ரேக்கு அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே நெய்யும் கைக்கு வேறு என்ன வரும்? நாலு புள்ளியாவது வேண்டும் என்று போன் அடம்பிடிப்பதால், கோபுரத்துக்கு அடியில் ஒரு சின்னக் கோடு.

என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். டிஸ்ப்ளே மாற்றுவதில் என்னைவிடக் கை சுத்தம், வாயும் என்னைவிட நீளம். அந்தத் தெருக்களிலிருந்து போன் வந்தால் பூட்டு என்னவென்று அவள் கேட்பதே இல்லை. கோபுரத்தை இழுப்பாள், திறந்துகொள்ளும். எனக்கு அது உறுத்தியது. குமரவேல் என்று ஒரு நெசவாளர். நாற்பது வயது இருக்கும், சொந்தத் தறி, கையில் எப்போதும் போன். "இது ஊருக்கே தெரிஞ்ச பூட்டு, வேற மாத்திக்குங்க" என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "பூட்டுன்னு ஒண்ணு கீதுல்ல, அது போதும்ணா. நம்ம தெருவுல யாரு வந்து நோண்டப் போறாங்க?"

நான் பார்த்த புடவை

அதே குமரவேல் ஒரு நாள் காலையில் கண்ணாடி நொறுங்கிய போனோடு வந்தார். கீழே விழுந்துவிட்டதாம். சாயங்காலம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் நாங்கள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். முகம் சரியில்லை.

விஷயம் இதுதான். அதுவரை கடைகளுக்கே நெய்துகொண்டிருந்தவர், முதல்முறையாகத் தானே ஒரு ஆர்டர் பிடித்திருந்தார். சென்னையில் ஒரு அம்மா, மகளின் முகூர்த்தப் புடவை. கரையும் முந்தானையும் குமரவேலின் சொந்த யோசனை. கல்யாணம் வரை அது யார் கண்ணிலும் படக்கூடாது என்பது பேச்சு. இப்போது அந்தப் புடவை குமரவேலின் ஸ்டேட்டஸிலேயே வந்திருக்கிறது. அந்த அம்மா பார்த்துவிட்டு, "ஊருக்கே காட்டிட்டீங்களே, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். குமரவேல் பதறிப்போய் அதைச் சரியாகப் பார்க்காமலே அழித்துவிட்டு, போன் நாள் முழுக்க யாரிடம் இருந்தது என்று யோசித்திருக்கிறார். எங்களிடம் இருந்தது.

நாங்கள் போடவில்லை என்று சொன்னேன். ஆனால் எனக்கே என் குரல் பலவீனமாகக் கேட்டது. ஏனென்றால் அந்தப் புடவையை நான் பார்த்திருந்தேன். புது டிஸ்ப்ளே போட்டால் நிறம் ஒழுங்காக வருகிறதா என்று ஏதாவது படத்தைத் திறந்து பார்ப்போம். பட்டுப் புடவைப் படம் அதற்கு ரொம்பப் பொருத்தம், அரக்கு நிறத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். வேலைக்காகப் பார்ப்பதும் பார்ப்பதுதானே? தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்தேனா? அழகாக இருந்தது, பார்த்திருப்பேன். என் தயக்கத்தை குமரவேல் வேறு மாதிரி புரிந்துகொண்டார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "பூட்டு சரியில்ல பூட்டு சரியில்லன்னு அப்பவே சொல்லிக்கினு இருந்தியே, இதுக்குத்தானா?"

வெறிச்சோடிய கடை

அடுத்து வந்த நாட்களில் நெசவாளர் தெருக்களிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. சார்ஜர் வாங்க வந்தவர்கள்கூட போனைச் சட்டைப் பையில் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார்கள். கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள்தான் கவர் வாங்கினார்கள். பாதுகாப்பு பற்றி இணையத்தில் நீளநீளமாகப் படித்து வைத்திருந்தேன். என் மேல் விழுந்த சந்தேகத்தை எடுக்க அதில் ஒரு வழியும் இல்லை. நான் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் என் வார்த்தையைத் தவிர ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷமும் அந்த வார்த்தையை வைத்துத்தான் கடை நடந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. நம்பிக்கை போனால் நான் ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கும் ஒரு அந்நியன், அவ்வளவுதான்.

நான் இப்படி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு ஸ்டெல்லா பொறுமையிழந்தாள். "இன்னாணா, செய்யாத தப்புக்கே இவ்ளோ யோசிக்கிறியே, செஞ்சிருந்தா கடையை மூடிட்டு சாமியாராவே போயிருப்பே போலக்கீது."

படத்துக்குக் கீழே

சென்னை அம்மா அன்று பார்த்த ஸ்டேட்டஸை அப்படியே படமெடுத்து வைத்திருந்தார். குமரவேல் சமாதானம் பேசப் பேச, கோபத்தில் அதை அவருக்கே அனுப்பிவிட்டார். அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு குமரவேல் கடைக்கு வந்தார். இந்த முறை மனைவி வசந்தியும் கூட வந்திருந்தார், சண்டை முற்றினால் இழுத்துக்கொண்டு போவதற்காக.

நான் படத்தைப் பார்த்தேன். அதே புடவை, அதே கரை. குமரவேல் அந்தக் கரையையே விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஸ்டெல்லா போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "அண்ணா, புடவையவே பாத்துக்கினு கீறீங்க. கீழ எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா?" படத்துக்கு அடியில், ஒரு சிவப்பு இதயத்தோடு, 'என் வீட்டுக்காரர் நெய்தது' என்று இருந்தது.

 இதை நான் எழுத முடியாது, குமரவேலும் எழுத முடியாது. அவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். வசந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என்னை எதுக்குப் பாக்கறே? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னிக்காவது உன்னை நான் புகழ்ந்திருக்கேனா?"

நாற்காலியில் இருந்த போன்கள்

வசந்தி அதோடு விடவில்லை. போனை வாங்கி, படத்தின் மேலே இருந்த நேரத்தைப் பார்த்தார். காலை ஏழு மணி. கடை திறப்பதற்கு வெகு முன்னால். "ஏழு மணிக்கு நீ எங்கே இருந்தே? பாவுகிட்ட."

வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் பாவு விரிப்பது இங்கே வழக்கம். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததைப் பார்த்து முடிச்சுப் போடுவார்கள். ஒரு வீட்டுப் பாவுக்கு அக்கம்பக்கத்து வீடெல்லாம் வந்து நிற்கும். குனிந்தால் பையிலிருந்து போன் இழை மேல் விழும் என்பதால், எல்லார் போனையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குவித்து வைப்பார்கள். அன்று அந்த நாற்காலியில் இருந்த போன்கள் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. ஒரே நீல உறை, திறந்தால் ஒரே அம்மன் படம், ஒரே கோபுரப் பூட்டு.

நடுவில் நாற்காலிப் பக்கம் போய் வந்தவர் எதிர்வீட்டு செல்வி என்று வசந்திக்கு நினைவு வந்தது, அவரைக் கூப்பிட்டார்கள். அன்று பாவுக்கு டீ கொண்டுவந்தவர், தன் கணவர் முருகேசனின் போன் என்று நினைத்து ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கோபுரம் இழுத்ததும் திறந்தது. உள்ளே தறி, பட்டு, ஜரிகை. அவர் வீட்டுப் போனிலும் அதேதான். நடுவில் இப்படி ஒரு புடவை. தனக்குக்கூடக் காட்டாமல் நெய்திருக்கிறாரே என்று முதலில் கோபம், அப்புறம் பெருமை. ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, போனைப் பழையபடி நாற்காலியில் வைத்துவிட்டார். பாவைச் சுருட்டும்போது நாற்காலி சாய்ந்து, குமரவேலின் போன் கண்ணாடி நொறுங்கி என்னிடம் வந்தது.

செல்வி இதைச் சொல்லிமுடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பின்னாலேயே வந்து நின்ற முருகேசன் யாரையும் திட்டவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் நெய்யறதை ஒரு நாளும் இவ ஸ்டேட்டஸ்ல போட்டதில்ல."

சென்னையிலிருந்து வந்த பதில்

குமரவேல் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் கடையில் இருந்தபடியே சென்னைக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். அது ஒரு விதத்தில் எனக்குச் சொன்ன மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஆரம்பித்த விதம் சரியில்லை. பூட்டு, நாற்காலி, பாவு என்று உளறினார். செல்வி போனைப் பிடுங்கி, "நான்தாம்மா போட்டேன், எங்க வீட்டுக்காரரு நெய்ஞ்சதுன்னு நெனைச்சிக்கினேன், அவரு மேல தப்பு இல்லம்மா" என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

 குமரவேல் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். முதல் ஆர்டர் போனால், மறுபடி கடைக்காரர்கள் சொல்லும் கரையைத்தான் அவர் நெய்ய வேண்டும். பிறகு அந்த அம்மா சிரித்தார். "அடுத்த வீட்டுக்காரி தன் வீட்டுக்காரர் பேர்ல போட்டுக்கற அளவுக்கு நல்லா இருக்குன்னா, அதையே குடுங்க. ஸ்டேட்டஸ்ல மட்டும் திரும்ப வேணாம்."

உறை வாங்க வந்தவர்கள்

அந்த வாரக் கடைசியில் தெருவே கடைக்கு வந்தது. நானும் விடவில்லை. இதுதான் சமயம் என்று, ஆளுக்கு ஒரு பூட்டு ஏன் வேண்டும், யாருக்கும் ஏன் சொல்லக்கூடாது என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு நிறத்தில் உறை வாங்கிக்கொண்டார்கள். முருகேசனுக்குப் பச்சை, குமரவேலுக்கு மாம்பழ மஞ்சள். பூட்டை ஒருவர்கூட மாற்றவில்லை. செல்வியிடம் மட்டும் தனியாகக் கேட்டேன், இவ்வளவு பட்டும் திருந்தவில்லையா என்று. அவர் என்னைப் புரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மாத்திட்டா, இவரு பாவுல நிக்கும்போது ஆசுபத்திரிலேர்ந்து போன் வந்தா யாரு தொறந்து பாக்கறது?"

 பூட்டு அந்நியனுக்கு எதிரானது என்று படித்திருக்கிறேன். அந்நியன் யார் என்பதை ஒவ்வொரு தெருவும் தானே முடிவு செய்கிறது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எது சரி என்று இன்னமும் எனக்குத் தெரியாது. டிஸ்ப்ளே மாற்றினால் இப்போது வாடிக்கையாளர் எதிரில்தான் நிறம் பார்க்கிறேன், எந்தப் படத்தைத் திறக்கலாம் என்று அவரையே கேட்டு. சார்ஜ் ஏறவில்லை என்று போனைக் கொண்டுவந்த குமரவேலிடமும் அப்படித்தான் கேட்டேன், திறந்து காட்டச் சொல்லி. அவர் மஞ்சள் உறையை மேசையில் வைத்துவிட்டு, வாசலில் ஒரு கணம்கூட நிற்காமல் சைக்கிளில் ஏறினார். "பூட்டு உனக்குத் தெரியாதாண்ணா? சாயங்காலம் வர்றேன்."

பாதுகாப்பு நிபுணர் எவரும் ஒரு நாள்கூடத் தூங்க முடியாத தெருவில் கடை வைத்திருக்கிறேன். நான் நன்றாகவே தூங்குகிறேன்.