நாலாவது மாடி மூலை வீடு

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பேருந்து இனி சாயங்காலம்தான் நகரும். தண்ணீர் தேடி எதிரே இருக்கும் நாலு மாடிக் கட்டடத்துக்குள் நுழைகிறேன். பணக்காரர்களுக்கென்று கட்டியது, வாங்க ஆளில்லாமல் போக, அரசாங்கம் எடுத்துக் கூலிக் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது. லிப்டுக்காக விட்ட குழியில் ஒரு குடம் கயிற்றில் மேலே போகிறது. நான் படியில் மூச்சிரைக்க ஏறுகிறேன். உச்சியில் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்பவர் அஞ்சலை.

"கீழே வீடு கிடைக்கலையா?"

"குடுத்தாங்க, நான்தான் வேணான்னுட்டேன். இந்த மூலை வூடு ஓனரு தனக்குன்னு கட்டிக்கினதுங்க. இதுக்கு மட்டும் சிமென்ட்டு ஜாஸ்தி. மத்ததெல்லாம் மணலு; மழ பேஞ்சா செவுரு ஊறிப்பூடுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தண்ணீர்ச் செம்பை நீட்டிச் சிரிக்கிறார். "கலவை போட்ட சித்தாளே நான்தாங்க."