கதவோர நாற்காலி

வெள்ளத்தில் எங்கள் ஊர்த் தரைப்பாலத்தில் பள்ளி வேன் சிக்கியபோது என் மகளும் அதில் இருந்தாள். எல்லாப் பிள்ளைகளையும் மீட்டுவிட்டார்கள். அதன்பிறகு அவள் வேனில் ஏறவே இல்லை. "அதான் ஒண்ணும் ஆவலியே, மறந்துடு" என்று தினமும் சொல்லிப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் வந்தார். மகளை அவரிடம் கூட்டிப்போனேன். நரைத்த தலை, தூக்கமில்லாத கண்கள். புயல், வெள்ளம், தீவிபத்து என்று இருபது வருடமாக ஊர் ஊராகப் போகிறவராம். மின்விசிறிக்குக் கீழே போட்டிருந்த நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டுக்கொண்டார்.

"அங்க காத்தே வராதே மேடம்?" என்றேன்.

"பயம் சார். எந்த ரூமுக்குப் போனாலும் கதவுகிட்டதான் உக்காருவேன்."

மகள் நிமிர்ந்தாள். "நீங்களே பயப்படுவீங்களா மிஸ்?"

"ஆமாம்மா. பயந்துகிட்டேதான் வேலைக்கு வரேன்."

"அப்ப நானும் வேன்ல கதவாண்ட குந்திக்கினு போவட்டா?"

"போயேன். டிரைவர்கிட்ட நான் சொல்றேன்."

இவருக்கே சரியாகவில்லையே, என் பிள்ளைக்கு எப்படிச் சரியாகும் என்று அன்று சலித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் வேனில் ஏறினாள். வேன் தரைப்பாலம் தாண்டும் நேரம்வரை நான் இன்றும் வாசலிலேயே நிற்கிறேன். எனக்கும் பயம்தான் என்று, அந்த அம்மாவைப்போல மகளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.