ஷீட்டுக்குத் தேடிய கல்

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவள் நான். ஊருக்கு வெளியே, பாறைக் கரட்டை ஒட்டிய ஷீட் வீட்டில் குடியிருக்கிறோம். ஆடிக் காற்றுக்கு ஷீட் தூக்காமலிருக்க, இங்கே எல்லோரும் மேலே கல் ஏற்றி வைப்பார்கள்.

அன்று ஷிப்ட் முடிந்து வந்தவள், சாப்பிடக்கூட உட்காராமல் கல் எடுக்கப் போனேன். தட்டையான ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் சாண் நீளப் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. உடம்போடு உடம்பை உரசி, ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் போட்டது. இத்துனூண்டு என்ன செய்துவிடும் என்று பக்கத்துக் கல்லுக்குக் கையை நீட்டினேன். அலுப்பு, வேறென்ன சொல்ல.

பின்னால் வந்த கணவர் தோளைப் பிடித்து இழுத்தார். என் கை இருந்த இடத்தில் அது பாய்ந்து கொத்திவிட்டுப் பின்வாங்கியது.

"சுருட்டை விரியன்டி அது. சின்னதா இருந்தாலும் வெசம்," என்றார்.

இப்போது மணல் மூட்டைதான் வைக்கிறோம். தூக்கி ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடிகிறது. இருந்தாலும் கரட்டுக் கல்லைத் தொடுவதில்லை. எங்களுக்கு அது பாரத்துக்கு வைக்கிற கல். அந்தப் பாம்புக்கு அதுதானே கூரை.