செல்வி திருப்பிக் கொடுத்த வாளி

இன்று காலை எங்கள் அபார்ட்மெண்டின் நான்காவது மாடியில் ஒரு பச்சை வாளி ரிஜெக்ட் ஆனது.

மாடி மாடியாக வந்து மக்கும் குப்பையை எடுப்பவர் செல்வி. சாத்தூர்ப் பக்கத்துக்காரர். வாளி, என் எதிர்வீட்டுக்காரருடையது. பனியன் கம்பெனி முதலாளி. குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவரே. நினைத்தால் நாளைக்கே வேறு ஆள் போட்டுவிடுவார்.

வாளியைக் கிளறிப் பார்த்த செல்வி, "இத எடுக்க முடியாது" என்றார்.

"ஒரே ஒரு பால் கவருதானுங்களே. எடுத்துப் போட்டுட்டுக் கொண்டு போங்க."

"மொதலாளி, எட்டு வருசம் உங்க கம்பெனியிலதான செக்கிங் பாத்தேன்? ஒரு பீஸ்ல தையல் விட்டிருந்தாலும் பொட்டியவே திருப்பி அனுப்பச் சொன்னது நீங்கதான?"

லிஃப்ட் வந்து திறந்தது. யாரும் ஏறவில்லை. மூடிக்கொண்டு போய்விட்டது.

முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு வாசலிலேயே குந்தினார். வெறுங்கையால் துழாவியதில் மூன்று பால் கவர், ஒரு ஷாம்பூ பாக்கெட், ஒரு பழைய டூத் பிரஷ் வந்தன.

"ஒண்ணுதான்னு நெனச்சனுங்க" என்றார், தரையைப் பார்த்து.

"இப்ப சரி" என்று செல்வி டிரம்மில் கொட்டிக்கொண்டார். "நாளைக்கும் பாப்பேன்."

பிறகு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "உங்க வாளியக் கொண்டாங்கக்கா" என்றார்.

"அஞ்சு நிமிசம் இருங்க செல்வி."

"சரி, மேல் மாடிய முடிச்சிட்டு வாரேன்."

இப்போது வாளியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டேப்ளர் பின் அடித்த டீ பேக் மக்குமா, மக்காதா? தெரிந்தவர்கள் அவர் இறங்கி வருவதற்குள் சொல்லுங்கள்.