எலுமிச்சம்பழத்துக்கு ஒரு துளை

இன்று காலை என் கார் கண்மாயில் முழுகிவிட்டது.

பழைய பியட் எஞ்சின், ஜீப் கியர்பாக்ஸ், அடியில் ஓடம் போல வளைத்துப் பற்றவைத்த தகரம். தரையிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும். இரண்டு வருட உழைப்பு. நேற்று வெள்ளோட்டத்தில் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

இன்று பாதிக் கண்மாய் போவதற்குள் கால் நனைந்தது. பிறகு இடுப்பு. நீந்தித்தான் கரையேறினேன்.

இரண்டு ஜோடி மாடு பூட்டிக் காரை இழுத்துப் போட்டோம். முன்பக்கத் தகரத்தின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளையில் கயிறு. கயிற்றில் எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

“இது யார் வேலை?” என்றேன்.

“நான்தான் மச்சான்” என்றான் மனைவியின் தம்பி. “நேத்து மிதந்ததை ஊரே பாத்துச்சுல்ல. கண்ணு பட்டுறக் கூடாதுன்னு காலையில டிரில்லு போட்டுக் கட்டுனேன்.”

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். எஞ்சின் நிறையச் சேறு.

அவனும் பக்கத்தில் வந்து குந்தினான். உண்மையாகவே அவன் கண் கலங்கியிருந்தது.

“எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாருங்க. ஒரு பழம் பத்தல மச்சான்.”

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக டிரில்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.